பிதுரார்ஜிதம், விடுதலை, நான்மால்: பத்திரத்தில் வரும் இந்தச் சொற்களுக்கு என்ன பொருள்?

வைகைத்தென்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் 20 சென்ட் புஞ்சை விலைக்கு வருகிறது. எனக்குச் சொந்த ஊர் மதுரைதான், ஆனால் கோயம்புத்தூரில் வேலை, மாதம் ஒரு தடவை ஊருக்கு வருவதே பெரும்பாடு. போன வாரம் வந்தபோது புரோக்கர் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் ஜெராக்ஸ் கட்டு ஒன்றைக் கொடுத்து, "எல்லாம் க்ளியர் சார், வெள்ளிக்கிழமைக்குள்ள டோக்கன் 50,000 போட்டுருங்க" என்றார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். எழுதியிருப்பது தமிழ்தான், ஆனால் பாதி புரியவில்லை.

ஃபைலில் இருப்பது இவ்வளவுதான். 1957-ல் விற்பவருடைய அப்பாவும் அவர் தம்பியும் செய்துகொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம். 2011-ல் விற்பவருக்கு அவருடைய தம்பிகள் இரண்டு பேர் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம், அதில் "எங்கள் தகப்பனாருக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு" என்று வருகிறது. பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது, அவர் 1998-ல் இறந்துவிட்டாராம். பட்டாவில் பரப்பு 0 - 08.00 என்று போட்டிருக்கிறது, 20 சென்ட் என்று எங்கேயும் இல்லை. 1975-லிருந்து வில்லங்கச் சான்று இருக்கிறது, அதில் அந்த விடுதலைப் பத்திரம் மட்டும்தான் பதிவாகியிருக்கிறது. வில்லங்கம் சுத்தமாக இருந்தால் வாங்கலாம்தானே? நான்மால் என்றால் என்ன? பட்டாவை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்களே, அதில் சிக்கல் ஏதாவது வருமா?

பத்திரக்காரர் எழுதியது:

தம்பி, நான் 30 வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன், இப்போது கண் சரியில்லை என்று விட்டுவிட்டேன். முதலில் டோக்கனை நிறுத்துங்கள். வெள்ளிக்கிழமை என்று நாள் குறிப்பவனிடம் எப்போதும் அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்று இருக்கும்.

பிதுரார்ஜிதம் என்றால் முன்னோர் வழியில் வந்த சொத்து. தானே சம்பாதித்து வாங்கியது சுயார்ஜிதம். பத்திரத்தில் இந்த ஒரு சொல்லைப் பார்த்ததும், இதில் இன்னும் யார் யாருக்குப் பாத்தியம், அதாவது உரிமை, இருக்கிறது என்று தேட ஆரம்பிக்க வேண்டும். சுயார்ஜிதம் என்றால் வாங்கியவர் உயிரோடு இருக்கும்வரை அவர் ஒருவர் கையெழுத்தே போதும். பிதுரார்ஜிதத்தில் பிள்ளைகள் எல்லோரும் வந்து நிற்பார்கள்.

அடுத்து விடுதலை. ஒரு சொத்தில் பங்கு உள்ளவர், அதே சொத்தில் பங்கு உள்ள இன்னொருவருக்குத் தன் பாத்தியத்தை விட்டுக் கொடுப்பதுதான் விடுதலைப் பத்திரம். விட்டவர் பங்கு மட்டும்தான் போகும். இரண்டு தம்பிகள் எழுதிக் கொடுத்துவிட்டதால் முழு நிலமும் அண்ணனுக்கு வந்துவிடாது, மூன்று பேரைத் தவிர வேறு வாரிசு யாருமே இல்லை என்றால்தான் வரும். உங்கள் ஃபைலில் அதைச் சொல்லுகிற காகிதம் இல்லை. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாக.

பட்டா விஷயம். பட்டா என்பது வருவாய்த் துறை, "இந்த நிலத்துக்குத் தீர்வை கட்ட வேண்டியவர் இவர்" என்று வைத்திருக்கும் கணக்கு. பட்டா மட்டும் உரிமையைக் கொடுக்காது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியாகிவிட்டது. 80-களில் யூடிஆர் என்று அரசு நிலக் கணக்குகளைப் புதுப்பித்தபோது பக்கத்து நிலத்துக்காரர் பெயரில் பட்டா ஏறிப்போய், இன்றைக்கும் அலைகிறவர்கள் நம் பக்கத்தில் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அதற்காகப் பட்டா வேண்டாம் என்று சொல்லவில்லை. இறந்தவர் பெயரிலேயே பட்டா நிற்கிறது என்றால் 1998-லிருந்து யாரும் வாரிசுகளைக் காட்டி மனுப் போடவில்லை என்று அர்த்தம். ஏன் போடவில்லை என்று கேளுங்கள். மனுப் போட்டால் வாரிசுகள் எல்லோர் பெயரும் கூட்டுப் பட்டாவாக ஏறிவிடும், சில பேருக்கு அதுதான் பிடிக்காது.

தல்லாகுளம் தமிழ் எழுதியது:

வில்லங்கச் சான்று சுத்தம் என்று யார் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரும். பதிவான பத்திரத்தைத்தான் அது காட்டும். வெள்ளைப் பேப்பரில் போட்ட அக்ரிமென்ட் வராது, எழுதி வைத்த உயில் வராது, கோர்ட்டில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கு பெரும்பாலும் வராது. ஒருவர் இறந்து அவர் பங்கு பிள்ளைகளுக்கு இறங்கியதற்கு யாரும் பத்திரம் போடப் போவதில்லை, அதனால் அதுவும் வராது. ஃபைலில் இருப்பதை நம்பாமல் நீங்களே பதிவுத் துறை இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். இப்போதைய உட்பிரிவு எண்ணை மட்டும் போடாமல், உட்பிரிவு ஆவதற்கு முன்னால் இருந்த தாய் சர்வே எண்ணையும் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய பத்திரங்கள் அந்த எண்ணில்தான் ஏறியிருக்கும்.

ஒத்தி என்று ஏதாவது வந்தால் அது தீர்ந்ததற்கான ரசீதும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மதுரையில் ஒத்தி என்றதும் வாடகை கொடுக்காமல் மொத்தமாகப் பணம் கொடுத்துக் குடியிருக்கும் வீடுதான் நமக்கு ஞாபகம் வரும். நிலத்திலும் அதே கதைதான், கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக நிலத்தை உழுது அனுபவிப்பார். பணம் திரும்பினால்தான் நிலம் திரும்பும். எங்கள் தாத்தா காலத்து ஒத்தி ஒன்று அப்பா காலம்வரை வந்தது, அது தனிக் கதை.

வைகைத்தென்கரை எழுதியது:

வாரிசுச் சான்று கேட்டேன். மூன்று நாள் இழுத்துவிட்டு வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். மனைவி, ஒரு மகள், மூன்று மகன்கள். அம்மா 2006-ல் இறந்துவிட்டார். அக்காவைப் பற்றி இதுவரை யாருமே வாய் திறக்கவில்லை. கேட்டதற்குப் புரோக்கர், "அந்தம்மா 83-லயே கல்யாணமாகி திருமங்கலம் போயிருச்சு சார், 40 பவுன் போட்டு சீர் செஞ்சு அனுப்பியாச்சு, அதுக்கு இதுல ஒண்ணும் கிடையாது. வேணும்னா சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்றோம்" என்கிறார். இது சரியா?

உசிலைப்பொண்ணு எழுதியது:

நான் பொதுவாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன், இதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் அப்படிச் "சீர் செய்து அனுப்பப்பட்ட" ஒரு அக்காதான். எங்கள் அப்பா நிலத்தை என் தம்பிகள் விற்றது எனக்குத் தெரியவே தெரியாது. நாலு வருடம் கழித்து அம்மாவின் திதிக்குப் போனபோது கிணற்றை மூடி வேலி போட்டிருந்தார்கள், யாரோ வாங்கிவிட்டார்கள் என்று பக்கத்துக் காட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். நான் வழக்குப் போட்டேன். தம்பிகள் மேல் போட்டாலும் வாங்கினவரையும் சேர்த்துத்தான் போட வேண்டும் என்று வக்கீல் சொன்னார். அந்த மனுஷன் பாவம், என்னிடம் வந்து அழுதார். ஆனால் அவர் பத்திரம் போடுவதற்கு முன்னால் என்னிடம் வந்திருக்கலாம் இல்லையா?

நகை போட்டதும் சீர் செய்ததும் பாகம் ஆகாது. 1989-ல் தமிழ்நாட்டில் வந்த சட்டத்தில், அப்போது கல்யாணமாகாத பெண்களுக்குத்தான் பிதுரார்ஜிதத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்று இருந்தது. புரோக்கர் சொல்லும் 83-ஆம் வருஷக் கணக்கு அதிலிருந்து வருகிறது. ஆனால் 2005-ல் மத்திய சட்டத்தைத் திருத்தி, கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்று ஆக்கிவிட்டார்கள். 2020-ல் உச்ச நீதிமன்றம், அதற்கு அப்பா 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னாலேயே பிள்ளைகளுக்குள் முறையாகப் பாகம் பிரித்திருந்தால் கதை வேறு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. அந்த அக்காவுக்குத் தோராயமாக நாலில் ஒரு பங்கு வரும், கணக்கை வக்கீலிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சாட்சிக் கையெழுத்து என்பது, எழுதிக் கொடுத்தவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன் என்பதற்கு. என் பங்கை விற்றேன் என்பதற்கு அல்ல.

பத்திரக்காரர் எழுதியது:

தங்கச்சி சொன்னதுதான் சரி. இரண்டு வழி இருக்கிறது. அக்காவும் தன் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்யட்டும், அதன் பிறகு அண்ணன் தனியாக உங்களுக்குக் கிரயம், அதாவது விற்பனைப் பத்திரம், எழுதலாம். இல்லையென்றால் உங்கள் கிரயப் பத்திரத்திலேயே அவரும் எழுதிக் கொடுப்பவராக நிற்கட்டும், பணத்தில் அவர் பங்கை அவர் கணக்கிலேயே போட்டு, அதைப் பத்திரத்திலும் எழுதிவிடுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது கூடுதலோ அதன் மேல் கணக்குப் போடுவார்கள்.

செயின் இழுத்தவன் எழுதியது:

சர்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாத்தியச் சண்டைக்குள் நான் வரவில்லை, அளவைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். 0 - 08.00 என்பது ஹெக்டேரும் ஏரும். 8 ஏர் என்றால் 800 சதுர மீட்டர். ஒரு ஏர் 2.47 சென்ட், ஆக உங்கள் நிலம் 19.76 சென்ட்தான். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று கணக்குப் போட்டால் 20 சென்ட்டுக்கு 8,712 சதுர அடி வர வேண்டும், 8 ஏருக்கு 8,611தான் வரும். நூறு சதுர அடிதானே என்று விடலாம், ஆனால் விலை சென்ட் கணக்கில் பேசியிருந்தால் கால் சென்ட்டுக்குக் காசு கொடுக்கிறீர்கள். சில சமயம் பழைய பத்திரத்தில் சென்ட்டில் எழுதியதை மெட்ரிக்குக்கு மாற்றும்போது முழுசாக்கிவிட்டிருப்பார்கள், சில சமயம் உண்மையிலேயே நிலம் குறைந்திருக்கும். அளந்தால்தான் தெரியும்.

நான்மால் என்பது நான்கு எல்லை. இங்கேதான் படித்தவர்களே தடுமாறுவார்கள். "கருப்பையா புஞ்சைக்குத் தெற்கு" என்று எழுதியிருந்தால், கருப்பையா புஞ்சை உங்களுக்கு வடக்கே இருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் அவர் நிலத்துக்குத் தெற்கில் இருப்பது உங்கள் நிலம். நாலு திசைக்கும் இப்படித் திருப்பிப் போட்டுப் படியுங்கள். 1957-ஆம் வருடப் பத்திரத்தில் ஒரு பக்கம் "வண்டிப்பாதைக்கு" என்று இருந்து, 2011-ல் அதே பக்கம் யாரோ ஒருவர் பெயர் இருந்தால், நடுவில் பாதை எங்கே போனது என்று கேட்க வேண்டும். பாதை இல்லாத புஞ்சையை வாங்கிவிட்டுப் பக்கத்துக்காரர் வரப்பில் மாட்டை ஓட்டிப் போக முடியாது.

புல வரைபடம் எடுத்துப் பாருங்கள், ஓடையோ கண்மாய்க் கரையோ ஒட்டி இருக்கிறதா என்று தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடம் அ பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணுக்கு என்ன வகைப்பாடு என்று பாருங்கள். புறம்போக்கு, அனாதீனம் (உரியவர் இல்லாமல் அரசிடம் போன நிலம்), பஞ்சமி (பட்டியலின மக்களுக்கென்று அரசு ஒதுக்கியது), கோயில் இனாம் (கோயிலுக்கு மானியமாக விட்டது) என்று ஏதாவது இருந்தால் அன்றைக்கே ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மதுரையைச் சுற்றி ஏந்தல் என்றும் குளம் என்றும் முடிகிற ஊர்ப் பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், தண்ணீர் நின்ற இடம் எதுவென்று பெயரே சொல்லும்.

வீடு கட்டும் எண்ணம் இருந்தால் அது புஞ்சை என்பதை மறக்க வேண்டாம், கட்டட அனுமதி தனி வேலை.

வைகைத்தென்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டோக்கன் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை போய் இரண்டு வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது, நிலம் அங்கேயேதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு திருமங்கலம் போனேன். அந்த அம்மாவுக்கு 60 தாண்டியிருக்கும். நிலம் விலைக்கு வந்திருப்பதே தெரியவில்லை. "எந்தப் புஞ்சை, புளியமரத்துப் புஞ்சையா?" என்று கேட்டார். ஃபைலைக் காட்டினேன், அப்பா பெயர் இருந்த இடத்தை மட்டும் விரலால் தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். விற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. "தம்பியே வந்து எங்கிட்டக் கேக்கட்டும்" என்றார். விற்பவரிடம் அப்படியே சொன்னேன், முதலில் கோபப்பட்டார், நேற்றுப் போய்ப் பார்த்திருக்கிறார். நான்கு பேரும் வந்து எழுதிக் கொடுப்பதாக இப்போது பேச்சு. பாத்தியத்தை விட்டுவிட்ட தம்பிகளும் எதற்கு என்று கேட்டேன், இருக்கட்டும் என்கிறார்கள். அளப்பதற்கும் மனுப் போட்டாகிவிட்டது. நான்மாலைத் திருப்பிப் போட்டுப் படித்தேன், மேற்கே வண்டிப்பாதை இரண்டு பத்திரத்திலும் இருக்கிறது.

பத்திரக்காரர் அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். நான்கு பேர் எழுதிக் கொடுத்தால் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று முறை ஏதும் உண்டா?

பத்திரக்காரர் எழுதியது:

சட்டத்தில் ஒன்றும் இல்லை தம்பி. நாங்கள் வயசுப்படி எழுதுவோம். அக்காதான் மூத்தவர் என்றால் 1 என்று போட்டு அவர் பெயரை எழுதச் சொல்லுங்கள்.