இணையத் தேர்வால் பிள்ளையின் சிந்தனைத் திறனை அளக்க முடியுமா?

ஈசூன் அம்மா:
வணக்கம். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள், சென்ற வாரம் ஒரு துணைப்பாட நிலையத்தில் கணினிமுன் அமர்ந்து நாற்பது நிமிடச் சிந்தனைத் திறன் தேர்வு எழுதினாள். 100க்கு 57 என்று அச்சிட்ட தாளையும், அதை உயர்த்துவதற்கான வகுப்பின் கட்டண விவரத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். வீட்டில் மின்விசிறி ஓடவில்லை என்றால் செருகியை மாற்றிப் பார்த்து, பிறகு விசையைப் பார்த்து, ஒவ்வொன்றாகக் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் பெண், இப்போது "எனக்கு யோசிக்கத் தெரியாதாம்மா?" என்று கேட்கிறாள். பாட அறிவைச் சாராத சிந்தனையைக் கணினியால் அளக்க முடியுமா?

பிடோக் ஆசிரியர்:
அளக்க முடியும் அம்மா, வினாக்கள் அதற்கேற்ப அமைந்திருந்தால். பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பிசா (PISA) என்ற ஆய்வு 2012இல் நடந்தபோது, அதன் சிக்கல் தீர்க்கும் பகுதியில், கையேடு இல்லாத ஒரு குளிர்சாதனக் கருவியைத் திரையில் கொடுத்தார்கள். அதன் மூன்று விசைகளையும் நகர்த்திப் பார்த்து, எந்த விசை வெப்பத்தை மாற்றுகிறது, எது ஈரப்பதத்தை மாற்றுகிறது என்று மாணவரே கண்டறிய வேண்டும். மூன்றையும் ஒரே சமயத்தில் நகர்த்தினால் எது எதை மாற்றியது என்று தெரியாது. இரண்டை அசைக்காமல் வைத்து ஒன்றை மட்டும் நகர்த்துபவருக்கே புலப்படும். ஒவ்வொரு நகர்த்தலையும் கணினி பதிந்துகொள்வதால், விடையோடு, மாணவர் அதைத் தேடிய வழியும் கிடைக்கிறது. காகிதத் தேர்வால் தர முடியாதது இது. அப்பகுதியில் சிங்கப்பூர் 562 புள்ளிகளோடு முதலிடம் பெற்றது. மின்விசிறியிடம் உங்கள் மகள் செய்வதும் இதே ஆராய்ச்சிதான் என்பதை அவளிடம் அவசியம் சொல்லுங்கள்.

ஆனால் பிசாவில் ஒரு மாணவர் எல்லா வினாக்களையும் எழுதுவதில்லை, ஆளுக்கு ஒரு பகுதிதான். ஒரு நாட்டு மாணவர்களின் நிலையை அறிய வகுத்த முறை என்பதால், தனி மாணவருக்கு மதிப்பெண் தருவதும் இல்லை. அந்த ஆய்வே துணியாத தீர்ப்பை நாற்பது நிமிடத்தில் ஒரு பிள்ளைமீது எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

செங்காங் தமிழாசிரியை:
மொழியையும் கவனியுங்கள். வினா நான்கு வரி ஆங்கிலப் பத்தியாக இருந்தால், பிள்ளை தடுமாறியது வாசிப்பிலா சிந்தனையிலா என்பதை அந்த எண் பிரித்துக் காட்டாது. தமிழில் கேட்டால் காரணத்தோடு வாதிடும் என் மாணவர் சிலர், அதே கேள்வி ஆங்கிலத்தில் வரும்போது வாயடைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, எல்லாச் சிந்தனையும் கணினித் திருத்தத்துக்கு அடங்குவதில்லை. 2022 பிசாவின் படைப்பாற்றல் சிந்தனைப் பகுதியையும் மாணவர்கள் கணினியில்தான் எழுதினார்கள். ஆயினும் ஒரு மாணவர் தந்த யோசனைகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவையா, பிறர் அதிகம் தொடாதவையா என்று ஆட்களே படித்து மதிப்பிட்டார்கள். 60 புள்ளிகளில் சிங்கப்பூரின் சராசரி 41, பிசாவை நடத்தும் பொருளியல் ஒத்துழைப்பு அமைப்பான ஓஇசிடியின் (OECD) உறுப்பு நாடுகளின் சராசரி 33. நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் மட்டுமே வரும் என்று பேசுவோர் இதையும் பார்க்க வேண்டும். அம்மா, அந்தத் தேர்வில் எத்தகைய வினாக்கள் வந்தன?

ஈசூன் அம்மா:
இருவருக்கும் நன்றி. மகளிடம் விசாரித்தேன். மொத்தம் முப்பது வினாக்கள், எல்லாம் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. எதையும் இயக்கிப் பார்க்க இடமில்லை. இருபதாவது வினாவோடு நேரம் முடிந்துவிட்டதாம். 57 விழுக்காடு என்றால் முப்பதில் பதினேழு சரி, அதாவது அவள் தொட்ட இருபதில் மூன்றுதான் தவறு. இந்தக் கணக்கை நேற்றிரவு அவளோடு உட்கார்ந்து போட்டுக் காட்டினேன். அந்த மூன்றும் எவை என்று தெரிந்துகொள்ள, வினாத்தாளைக் கேட்டு நாளை நிலையத்துக்குப் போகிறோம்.