முல்கிச் சான்றிதழ்: உருது படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம். செகந்திராபாத்தில் வளர்ந்தவள் நான். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் முல்கிச் சான்றிதழ் (உள்ளூர்க்காரர் என்பதற்கான அத்தாட்சி) ஒன்று கிடைத்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, ஓரத்தில் உருதில் நாலு வரி.

நிஜாம் ஆண்ட பழைய ஹைதராபாத் சமஸ்தானப் பகுதியில் அரசு வேலை உள்ளூர்க்காரருக்கே என்றிருந்தது அன்றைய முல்கி விதி. 1956-இல் அதன் தெலங்கானாப் பகுதியை ஆந்திராவோடு இணைத்தபோது கொடுத்த வாக்குறுதிகளைக் காப்பாற்றவில்லை என்றுதான் 1969-இல் தெலங்கானா கொதித்தது. 1972-இல் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றதும் ஆந்திரப் பக்கம் தனி மாநிலம் கேட்டு ஜெய் ஆந்திரா போராட்டம். எத்தனை உயிர்கள்! நினைத்தாலே மனசு கனக்கிறது. 2014-இல் மாநிலம் பிரிந்தபோது அப்பா இல்லை.

அந்த வரிகளை யாராவது படித்துச் சொல்வீர்களா? 1969-இல் அங்கிருந்த தமிழ்க் குடும்பத்தார், முல்கி இல்லாமல் வேலைக்கு என்ன செய்தீர்கள் என்றும் எழுதுங்கள். படம் கமெண்டில் இருக்கிறது.