அரிவாள் இல்லாத மதுரைப் படங்கள் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. மதுரையில் நடக்கிற படங்களாகத் தேடிச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வெளிமாநிலத்தில் வளரும் அண்ணன் பிள்ளைகள் முழுப்பரீட்சை லீவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு எங்கள் ஊரைத் திரையில் காட்ட ஆசை.

என் பட்டியலில் முதலிடம் 'சுப்ரமணியபுரம்' (2008) படத்துக்குத்தான். 1980-ஆம் வருஷத்து மதுரையைச் சட்டைக் காலர், தலைமுடி, பாட்டுச் சத்தம் வரை மீட்டுக் கொண்டுவந்த படம். தெருமுனையில் சும்மா நிற்கும் பையன்களை அவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்த படம் வேறு இல்லை என்பேன். ஆனால் அந்த முடிவைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எப்படிப் பார்ப்பது? 'ஆடுகளம்' (2011) சேவல்கட்டும் மதுரைப் பேச்சும் எனக்கு உயிர். அதிலும் ரத்தம். 'ஜிகர்தண்டா' (2014) ரவுடி கதை. 'காதல்' (2004) மெக்கானிக் பையனின் கதை, கடைசியில் மனசை உடைத்துவிடும்.

எங்கள் ஊரில் வெட்டுக்குத்து மட்டுமா இருக்கிறது? மாசி வீதிக் கடைகள், சௌராஷ்டிரா நெசவாளர் வீடுகளின் தறிச்சத்தம், நடுராத்திரி இட்லிக்கடை, அழகர் ஆற்றில் இறங்கும் நாளின் கூட்டம், பூ கட்டும் அக்காமார்கள்... இவர்களை வைத்து யாராவது படம் எடுத்திருக்கிறார்களா? மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்துக்குள் தையல்காரர்கள் இருந்த காலத்தைப் பதிவுசெய்த காட்சி, ஆவணப்படமாக இருந்தாலும் சரி, எனக்கு ரொம்ப வேண்டும்.

1990-க்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படங்களும் சொல்லுங்கள். செட் போடாமல் ஊருக்குள் எடுத்ததாக இருந்தால் நல்லது. படத்தின் பெயரோடு, எங்கே பார்க்கக் கிடைக்கும், பத்து வயதுப் பிள்ளை பார்க்கலாமா என்பதையும் சேர்த்து எழுதினால் பெரிய உதவி.