டோக்கியோவில் ஒரே ஆள் நடத்தும் ராமென் கடை – உங்கள் அனுபவம்?

ராமென், அதாவது ஜப்பானியர்களின் சூடான சாறு நூடுல்ஸ், விற்கும் இப்படி ஒரு கடைக்குப் போன நண்பர் ஒருவர், உட்கார்ந்ததிலிருந்து எழுந்தது வரை கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசவே இல்லை என்று வருத்தப்பட்டிருந்தார். எனக்கென்னவோ அதில் கோபப்பட ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது. அவருக்குப் பேச ஏது நேரம்?

நான் வழக்கமாகப் போவது ஓகிகுபோ ஸ்டேஷன் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் கடை. நீளமாக ஒரு கவுன்டர், எட்டே ஸ்டூல், ஒருவர் எழுந்து வெளியே போக மற்றவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு வழி விட வேண்டும். உள்ளே அறுபதை நெருங்கும் மாஸ்டர் ஒருவர்தான். எலும்பு வேகவைப்பது, நூடுல்ஸ் அவிப்பது, கிண்ணம் கழுவுவது எல்லாம் அவரே. வாசலில் காசு போட்டுச் சாப்பாட்டு டிக்கெட் எடுக்கும் மெஷின் வைத்திருப்பதே அதற்குத்தான், ஆர்டர் எடுக்கவோ சில்லறை எண்ணவோ அவர் நகர வேண்டியதில்லை. ஜப்பானிய எழுத்து தெரியாதவர்கள் இடப்பக்கம் மேல் மூலையில் இருக்கும் பட்டனை அமுக்குங்கள். பெரும்பாலான கடைகளில் அவர்களுடைய முக்கியமான ராமெனை அங்கேதான் வைத்திருப்பார்கள்.

அடுப்புக்கு நேர் எதிரே இடம் கிடைத்தால் விடாதீர்கள். முதலில் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டுவார். அடியில் ஒரு சின்னக் கரண்டி டாரே, அதாவது சோயா சாஸ் கலவை. உப்பு முக்கால்வாசி இதிலிருந்துதான் வருகிறது. அதன்மேல் கொஞ்சம் எண்ணெய். அதற்குள் ஆழமான கம்பிவலைக் கூடைகளில் மூன்று பேருக்கான நூடுல்ஸ் ஒன்றாகக் கொதிநீரில் இறங்கியிருக்கும் (எனக்குப் பிறகு வந்தவனுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் எப்படி வருகிறது என்று சிலர் முணுமுணுப்பார்கள், ஒரே ஈடு, அதனால்தான்). நூடுல்ஸ் வெந்து முடிவதற்குக் கொஞ்சம் முன்புதான் சாறு கிண்ணத்துக்கு வரும். கோழி எலும்பு, பன்றி எலும்பு, அதோடு அவித்துக் காயவைத்த நெத்திலி சேர்த்த சாறு. சந்து முனையிலேயே கருவாட்டு வாசனை இழுக்கும். அப்புறம் கூடையைத் தூக்கிப் பலமாக ரெண்டு உதறு. நீர் தங்கினால் சாறு சப்பென்று ஆகிவிடும். கிண்ணத்தில் இறக்கி, குச்சியால் ஒரு தரம் தூக்கி மடித்துப் போட்டார் என்றால் இழையெல்லாம் எண்ணெய் வைத்து வாரிய தலைமுடி போலப் படிந்து நிற்கும். மேலே சாஷு எனும் பன்றி இறைச்சித் துண்டு, மூங்கில் குருத்து, வெங்காயத்தாள், நோரி எனும் கடற்பாசித் தாள். இத்தனைக்கும் நடுவில் யார் காலிக் கிண்ணத்தை வைத்தார்கள், வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஒரு கண் போய்க்கொண்டே இருக்கும். இந்த மனுஷரிடம் போய் சிரிக்கவில்லை என்று சொன்னால் எப்படி?

வந்ததும் சாப்பிட ஆரம்பித்துவிடுங்கள். போட்டோ எடுப்பதென்றால் ஒன்று, போதும், இல்லாவிட்டால் நூடுல்ஸ் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடும். சத்தமாக உறிஞ்சினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முடித்ததும் கிண்ணத்தை மேல் திட்டில் வைத்து, முன்னால் இருக்கும் துணியால் மேஜையை ஒரு தரம் துடைத்து, "கோச்சிசோஸாமா" (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். டிப்ஸ் வைக்காதீர்கள், காசை மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வந்தாலும் வருவார்கள்.

இன்னொன்று. சாறு தீர்ந்தால் கடை மூடல். எட்டு மணி வரை என்று போர்டு இருக்கும், ஏழுக்கே, கடை திறந்திருப்பதற்கு அடையாளமாகத் தொங்கும் வாசல் துணியை உள்ளே எடுத்து வைத்திருப்பார். சட்டியைப் பெரிதாக்கலாமே என்று கேட்கத் தோன்றும், ஆனால் அத்தனையையும் கழுவி மறுநாள் விடியற்காலை மறுபடி அடுப்பேற்ற வேண்டியதும் அதே ஆள்தான். விலையையும் லேசில் ஏற்ற முடியாது. ராமென் என்றால் ஆயிரம் யென்னுக்குள் என்பது ஜனங்கள் மனதில் ஊறிய கணக்கு, அதை "ஆயிரம் யென் சுவர்" என்றே இந்தத் தொழிலில் சொல்கிறார்கள். மாவு, பன்றி, கேஸ் எல்லாம் ஏறிய பிறகும் அந்தச் சுவரைத் தாண்டத் தயங்கும் சின்னக் கடைகள் நிறைய.

பதில்:
தெற்கே ஃபுகுவோகா பக்கம் போனால் கதை வேறு. அங்கே பன்றி எலும்பை வெள்ளையாகக் கலங்கும் வரை கொதிக்கவிட்ட சாறு, நூல் மாதிரி மெல்லிய நூடுல்ஸ். சீக்கிரம் குழைந்துவிடும் என்பதால் முதலில் கொஞ்சமாகத்தான் போடுவார்கள். சாற்றை மிச்சம் வைத்துக்கொண்டு "காயேதாமா" என்றால் இன்னொரு பிடி நூடுல்ஸ் வந்து விழும். அங்குள்ள நாகஹாமா மீன் சந்தையில் அவசரமாகச் சாப்பிட்டு ஓடும் ஆட்களுக்காக வந்த பழக்கம் என்பார்கள். நான் "பரிகாதா" கேட்பேன், நன்றாக விறைப்பாக இருக்கும். ஆமாம், சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள், அம்மா வருகிறார்கள்.

பதில்:
அம்மாவை இந்த மாதிரிக் கடைக்குக் கூட்டிப் போகாதீர்கள். இறைச்சி வேண்டாம் என்றால் மேலே இருக்கும் துண்டுகளை எடுத்துவிடுவார்கள், சாறு அதே எலும்புச் சாறுதான். டாரேயிலும் மீன் இருக்கலாம். தனியாளாக நிற்பவரிடம் மாற்றிச் செய்து தரச் சொல்லவும் முடியாது. டோக்கியோ ஸ்டேஷனில் டீஸ் டான்டான் என்று ஒரு கடை, இறைச்சி, மீன் மட்டுமல்ல, முட்டைகூடக் கிடையாது, எள் போட்ட காரமான ராமென் கிடைக்கும். டிக்கெட் கேட்டுக்கு உள்ளே இருக்கிறது, ரயில் மாறும்போது போய்விட்டு வந்தால் சுலபம்.