அலையாத்திக் கன்றுகள் பட்டுப்போவது ஏன்?

கேள்வி:
முத்துப்பேட்டை அருகே, எங்கள் ஊர்க் கழியோரத்தில் நட்ட அலையாத்திக் கன்றுகள் ஒரு கோடையைக்கூடத் தாங்காமல் பட்டுப்போகின்றன. மீண்டும் நடுவதா, வேறு வழி உண்டா?

மறுமொழி 1:
முதலில் தரையைப் பாருங்கள். பிச்சாவரத்தில் முன்பு அலையாத்திக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டியதால், வெயில் பட்டு ஈரம் வற்றிய மண் தொட்டிபோல் தாழ்ந்தது. ஓதத்தில் (கடல்நீர் ஏற்றத்தில்) ஏறிய நீர் வடிய வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச்சென்றது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் தடையின்றி வந்துபோக வழிசெய்த பிறகே, வாய்க்கால் ஓரங்களில் நட்ட வெண்கண்டல் என்னும் அலையாத்தி வகை தழைத்தது. உங்கள் இடத்தில் உப்பைத் தாங்கும் உமரிச் செடி மட்டுமே படர்ந்து, வற்றத்தின்போதும் (கடல்நீர் இறங்கும்போதும்) குட்டைகள் நிற்கின்றன என்றால், உவர்ப்பே காரணமாக இருக்கலாம்.

மறுமொழி 2:
வாய்க்கால் வெட்டுவதைவிடப் பராமரிப்பதே கடினம். வண்டல் படிந்து முகப்பு அடைபட்டால் பழைய கேடு திரும்பிவிடும் என்பதால், தூர்வாரும் பொறுப்பை மீனவர்களும் ஊராரும் வனத்துறையோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். பாமணியாறும் கோரையாறும் கொண்டுவரும் நன்னீரையும் மறந்துவிடாதீர்கள். அது குறைந்தால் உவர்ப்பு ஏறும்.

மறுமொழி 3:
ஒரு வேண்டுகோள்: வலசைப் பறவைகள் இரைதேடும் வெற்றுச் சேற்றுத்திடலில் கன்று நடாதீர்கள். அது தரிசு அல்ல.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வற்றத்தின்போது நீர் எங்கே தேங்குகிறது என்று குறித்துக்கொண்டு, வனச்சரக அலுவலரை அணுகுகிறோம்.