வெள்ளி டாலரில் வைக்கிங் சின்னம்: எது சரியா வரும்?

கேள்வி: தெற்காவணி மூல வீதியில் 2 செ.மீ. அகலத்துக்கு ஒரு வெள்ளி டாலர் செய்யக் கொடுக்கணும். வெக்விசிர்ங்கிற எட்டுக் கைக் கோலமா, இடி தெய்வம் தோரின் சுத்தியலா? வெக்விசிர் வைக்கிங் (பழைய வட ஐரோப்பியக் கடலோடிகள்) காலத்துதானே?

பதில் 1: இல்லைங்க. வைக்கிங் காலம் 11-ம் நூற்றாண்டோடு முடிஞ்சது. வெக்விசிர் இருப்பது 1860-ல் ஐஸ்லாந்தில் எழுதின ஹுல்ட் சுவடியில். புயலிலும் வழி தவறாமல் காக்கும் கோலம். எட்டுக் கையின் நுனியும் ஒரே மாதிரி இருக்காது. எட்டும் ஒரே சூலமா இருந்தா அது ஏகிஸ்யால்மர், எதிரியை மிரட்டுறது. நெட்டில் ரெண்டையும் குழப்பி வெச்சிருக்காங்க.

பதில் 2: 2 செ.மீ.யில் அத்தனை கோடும் மெருகு போடும்போதே மழுங்கிடும். சுத்தியலே போடுங்க, 10-ம் நூற்றாண்டு டாலர்களே நிறைய கிடைச்சிருக்கு. வளையம் கைப்பிடி நுனியில், தலை கீழே தொங்கணும். கைப்பிடி குட்டையா இருக்கட்டும். கதைப்படி, சுத்தியலைச் செய்யும்போது துருத்தி ஊதின குள்ளனை லோகிங்கிற தந்திரக்கார தெய்வம் ஈயா வந்து இமையில் கடிச்சதால் வந்த குறை அது. ஆசாரி அழகுக்காக நீட்டிட்டா கொல்லுப்பட்டறைச் சம்மட்டிதான்.

கேட்டவர்: சரிண்ணே. பின்பக்கம் ரூனில், அதான் அவங்க பழைய எழுத்தில், பேர் போடணும்னா?

பதில் 1: வைக்கிங் காலத்து 16 எழுத்து வரிசையைப் பாருங்க, 24 எழுத்து அதுக்கு முந்தினது. ‘கல்’, ‘தங்கம்’ ரெண்டுக்கும் நாம ஒரே ‘க’ போடுற மாதிரி அங்கேயும் ஒரே ரூன்தான்.