எடிட்டரோட ஆல்ஃபா பில்டை காசு குடுத்து வாங்குனவங்களுக்கு மட்டும் விடலாமா?

மாடிவீட்டு_டெவ்:

வணக்கம் மக்களே. பெங்களூர் முருகேஷ்பாளையால ஒரு மாடி வீட்ல உக்காந்து நானும் என் மச்சானும் ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் பண்ணி வித்துட்டு இருக்கோம், மேக், விண்டோஸ், லினக்ஸ் மூணுக்கும். ஒரே தடவை காசு, சப்ஸ்கிரிப்ஷன் எல்லாம் கிடையாது. லைசன்ஸ் வாங்குனவங்க ஆயிரத்துக்கு கொஞ்சம் கம்மி. பெரிய கூட்டம் இல்லதான், ஆனா வாடகை அதுலதான் ஓடுது.

அடுத்த வெர்ஷன்ல ரெண்டு விஷயம் அடியோட மாத்திருக்கோம். ஒண்ணு ஃபைலை சேவ் பண்ற விதம். இன்னொண்ணு, எடிட்டரை மூடிட்டு திறந்தா சேவ் பண்ணாத டேப்லாம் அப்படியே இருக்கும்ல, அந்த செஷனை இவ்ளோ நாள் ஒரு ஜேசன் ஃபைல்ல (சாதா டெக்ஸ்ட் ஃபைல்தான்) வெச்சிருந்தோம், இப்ப எஸ்க்யூலைட்னு ஒரு குட்டி டேட்டாபேஸுக்கு கொண்டு போயிட்டோம். எங்க ரெண்டு லேப்டாப்புலயும் மூணு மாசமா நல்லாதான் ஓடுது. ரெண்டு லேப்டாப்புல ஓடுனா அதெல்லாம் ஒரு டெஸ்டா?

மச்சான் என்ன சொல்றான்னா, வாங்குனவங்களுக்கு மட்டும் ஆல்ஃபா, அதாவது இன்னும் முழுசா சோதிக்காத பில்டு, குடுப்போம், அவங்களுக்கும் ஒரு மரியாதை, நமக்கும் பக் வந்து சேரும்னு. எனக்கு உறுத்துது. காசையும் வாங்கிட்டு அவங்க தலையிலயே பரிசோதனை பண்றதான்னு. ட்ரையல்ல இருக்கவங்களுக்கு குடுத்தா, உடைஞ்சா அன்இன்ஸ்டால் பண்ணிட்டு போயிட்டே இருப்பாங்க, ஒரு வரி எழுத மாட்டாங்க. நேத்து தர்ஷினி ஹோட்டல்ல பை-டூ காபி ஆறிப் போற வரைக்கும் இதே சண்டைதான். நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

அரைப்புள்ளி:

மச்சான் சொல்ற முடிவு சரி, காரணம் தப்பு. மரியாதை கிரியாதை எல்லாம் ஓரமா வைங்க ப்ரோ. வாங்குனவன்தான் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அதுல கிடக்குறான், எங்க கல் நெருடுதுன்னு அவனுக்குத்தான் தெரியும், அவன் மெயில் ஐடியும் உங்க கிட்ட இருக்கு, திருப்பி கேள்வி கேக்கலாம். அவ்ளோதான் காரணம்.

இது புதுசும் இல்ல. சப்ளைம் டெக்ஸ்ட்னு ஒரு எடிட்டர், அதோட 3 பீட்டா 2013 ஜனவரில வந்தப்ப மொதல்ல லைசன்ஸ் வெச்சிருந்தவங்களுக்குத்தான், அப்புறம்தான் எல்லாருக்கும் திறந்தாங்க. அவங்க டெவ் பில்டுக்கு லைசன்ஸ் இருக்கணும்னு வெச்சிருக்காங்க. ஆனா ஒண்ணு பாருங்க, அந்த 3.0 ஸ்டேபிளா வந்தது 2017 செப்டம்பர்ல. நாலரை வருஷம் ஜனங்க பீட்டாவுலயே குடும்பம் நடத்திட்டாங்க. ஜிமெயில் 2004ல இருந்து 2009 வரைக்கும் லோகோல பீட்டான்னு போட்டுட்டுத்தான் இருந்துச்சு. அதனால ஆல்ஃபா, பீட்டான்னு லேபிள் ஒட்டுனா யாருக்கும் ஒரு பயமும் வராது. "இதுல சேவ் பண்ற கோடு புதுசு, உங்க ஃபைல்ல கை வைக்கும்"னு நேரா எழுதுங்க.

அதுக்காக கச்சிதமா முடிச்சிட்டு காட்டலாம்னும் உக்காந்துடாதீங்க. டெக்ஸ்ட்மேட்னு ஒரு மேக் எடிட்டர், அதோட 2 வரும் வரும்னு வருஷக்கணக்கா காத்திருந்தவன் நான். மொத ஆல்ஃபா 2011 டிசம்பர்ல வந்துச்சு, 2012 ஆகஸ்ட்ல சோர்ஸ் கோடையே எல்லாருக்கும் திறந்து விட்டாங்க, அதுக்குள்ள என் ஆபீஸ்ல பாதி பேர் வேற எடிட்டருக்கு போயாச்சு.

அப்புறம் முக்கியமானது, தனி ஆப்பா விடுங்க. விஎஸ் கோட் எடிட்டருக்கு இன்சைடர்ஸ்னு தனியா ஒரு டெஸ்ட் ஆப் இருக்கே, அது மாதிரி. தனி ஐகான், தனி செட்டிங்ஸ் ஃபோல்டர், ஸ்டேபிளும் பக்கத்துலயே இருக்கும். அடுத்தடுத்த வீடு, ஆனா தனித்தனி அடுப்பு.

மாடிவீட்டு_டெவ்:

தனி ஃபோல்டர்னா எல்லா கீ பைண்டிங்கும் மொதல்ல இருந்து செட் பண்ணணும், அப்ப எவன் ஆல்ஃபாவ திறப்பான்?

அரைப்புள்ளி:

மொத தடவை திறக்கும்போது பழைய ஃபோல்டரை காப்பி பண்ணிக்கோங்க. காப்பிதான், பங்கு போட்டுக்கக் கூடாது. செஷனை எஸ்க்யூலைட்டுக்கு மாத்துறப்பவும் அந்த பழைய ஜேசனை அழிச்சிடாதீங்க, ஆல்ஃபா பிடிக்கலன்னு ஒருத்தன் திரும்பிப் போனா அவன் டேப் எல்லாம் போன வாரம் விட்ட மாதிரியாவது இருக்கணும். டேட்டாபேஸ்ல யூசர்_வெர்ஷன்னு ஒரு நம்பர் வெச்சுக்க எஸ்க்யூலைட்லயே இடம் இருக்கு, இன்னைக்கே ஒரு நம்பர் போட்டுடுங்க, தன்னை விட பெரிய நம்பரை பாத்தா எழுதாம ஒதுங்கிடணும்னும் எழுதிடுங்க. ஸ்கீமாவை (டேட்டாபேஸோட அமைப்பை) இன்னும் பத்து தடவை மாத்தத்தான் போறீங்க.

சில்க்போர்ட்_சிக்னல்:

நான் எதிர்க்கட்சி. காசு குடுத்து வாங்குன ஒரு எடிட்டர்ல (பேர் வேணாம், பாவம்) எப்பவோ ஒரு நாள் "முன்கூட்டியே வர்ற பில்டும் வேணும்"னு ஒரு டிக் அடிச்சிருக்கேன், அடிச்சதையே மறந்துட்டேன். ஒரு அப்டேட் வந்துச்சு, சேவ் இன்னும் வேகமாவும் பத்திரமாவும் ஆயிடுச்சுன்னு ஒரு வரி, அவ்ளோதான்.

அவங்க என்ன பண்ணிருக்காங்கன்னா, ஃபைல் மேலயே எழுதாம பக்கத்துல ஒரு டெம்ப் ஃபைல்ல எழுதி, டிஸ்க்குக்கு தள்ளிட்டு, அதுக்கு பழைய பேரை வெச்சிடறது. நடுவுல கரண்ட் போனாலும் பழைய ஃபைலாவது முழுசா இருக்கும், நல்ல முறைதான், தப்பே இல்ல. ஆனா என் கான்ஃபிக் ஃபைல் எல்லாம் கிட் ரெப்போல (மாத்துறதெல்லாம் பதிவாகுற ஃபோல்டர்) இருக்கும், ஹோம் ஃபோல்டர்ல வெறும் சிம்லிங்க்தான், அந்த ஃபைலை கை காட்டுற குறுக்குவழி. பேர் மாத்துறப்ப அது லிங்க் காட்டுற ஃபைலை மாத்தாது, லிங்க்கையே தூக்கிட்டு அந்த இடத்துல ஒரு சாதா ஃபைலை உக்கார வெச்சிடும். ரெண்டு வாரம் நான் ஹோம்ல இருந்த ஃபைலை மாத்திட்டே இருந்தேன், ரெப்போல பழசு அப்படியே தூங்கிட்டு இருந்துச்சு, கிட் ஸ்டேட்டஸ் அடிச்சா எல்லாம் சுத்தம்னு சொல்லுது, புது லேப்டாப் வந்து க்ளோன் பண்ணப்பதான் ரெண்டு வார வேலை காணோம்னே தெரிஞ்சுது.

அது கூட பரவால்ல. டாக்கர்ல (ப்ரோக்ராமை தனியா ஒரு கன்டெய்னர்ல அடைச்சு ஓட்டறது) என்ஜின்எக்ஸ் வெப் சர்வரோட ஒரே ஒரு கான்ஃப் ஃபைலை மட்டும் வெளிய இருந்து மவுண்ட் பண்ணிருந்தேன். கன்டெய்னர் பிடிச்சிட்டு இருக்கறது பழைய ஐநோடை (டிஸ்க்ல ஒரு ஃபைலோட அடையாளம்), சேவ் பண்ணா ஹோஸ்ட்ல வர்றது புது ஐநோடு. நான் மாத்துறேன், ரீலோடு பண்றேன், ஒண்ணும் மாறல, மறுபடி மாத்துறேன், ஒண்ணும் மாறல. டாக்ஸில மடில லேப்டாப்போட, ட்ராஃபிக்குக்கு பேர் போன சில்க் போர்டு ஜங்ஷன்ல ஒன்றரை மணி நேரம், அந்த சிக்னல் மாறுன தடவை கூட என் கான்ஃபிக் மாறல.

இதுல பாருங்க, ஒரு க்ராஷ் இல்ல, ஒரு எரர் இல்ல. ஆல்ஃபான்னா படார்னு மூடிக்கும்னுதான் எல்லாரும் நினைக்குறாங்க, மூடிக்கிட்டா நல்லதுதான், தெரிஞ்சிடும். சத்தமே இல்லாம தப்பா எழுதுறதுதான் ஆளைக் கொல்லும். உங்க புது சேவ் சிம்லிங்க்கை என்ன பண்ணுதுன்னு மொதல்ல பாத்துட்டு வாங்க, லிங்க் எங்க போகுதுன்னு கண்டுபிடிச்சு அங்க போய் எழுதணும், ஓனர், பர்மிஷன் ரெண்டும் அப்படியே இருக்கணும், ஹார்ட் லிங்க் (ஒரே ஃபைலுக்கு இருக்கற பேர்) ஒண்ணுக்கு மேல இருந்தா பழைய முறைலயே மேலயே எழுதிடுங்க. டாக்கர் மவுண்ட் மாதிரி கேஸுக்கு பழைய முறைக்கு போற மாதிரி ஒரு செட்டிங்கும் வைங்க. அப்புறம் பேசலாம் யாருக்கு குடுக்கறதுன்னு.

மாடிவீட்டு_டெவ்:

அண்ணே, இப்பதான் டெஸ்ட் பண்ணி பாத்தேன். நாங்களும் சிம்லிங்க்கை முழுங்குறோம். மூணு மாசமா முழுங்கிட்டு இருந்திருக்கோம், எங்க ரெண்டு பேருக்கும் உங்கள மாதிரி கான்ஃபிக் ஃபைல் வெக்கற டாட்ஃபைல்ஸ் ரெப்போவே கிடையாது, அதான் தெரியல 🙏

அல்சூர்_அக்கா:

நான் ப்ரோக்ராமர் இல்லப்பா. அல்சூர்ல இருக்கேன், கன்னடத்துல இருந்து தமிழுக்கு பத்திரம், கோர்ட் பேப்பர் எல்லாம் மொழிபெயர்க்கறது என் வேலை. வேர்டு அடிக்கடி திணறுதுன்னு இந்த மாதிரி எடிட்டர்லதான் அடிக்கறேன், காசு குடுத்துத்தான் வாங்கிருக்கேன். டெஸ்ட் பில்டுன்னா கோடு எழுதுறவங்களுக்கு மட்டும்னு நினைச்சிடாதீங்க.

நான் யூஸ் பண்ற எடிட்டர்ல ஒரு தடவை புது பில்டு போட்டப்ப, ஒரு மாற்றம்: "கொ"ல நின்னு பேக்ஸ்பேஸ் அடிச்சா பழைய பில்டுல கொம்பும் காலும் மட்டும் போயி "க" மிஞ்சும், புதுசுல எழுத்தே மொத்தமா போச்சு. சிலருக்கு அதான் வேணுமாம், எனக்கு கை பழகிப் போச்சு, ஒவ்வொரு வார்த்தைலயும் ஒரு எழுத்து காணாம போகுது. அதை விட மோசம், ஒரு பத்திரத்துல "கொடி"ன்னு தேடுனா ரெண்டு இடத்துல இருக்கறது ஒரு இடத்துல மட்டும் காட்டுது. கண்ணால பாக்குறேன், ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. அப்புறம் என் தம்பி பையன் வந்து பாத்துட்டு சொன்னான், ஒண்ணுல "ொ" ஒரே குறியா இருக்காம், இன்னொண்ணுல "ெ"யும் "ா"வும் தனித்தனியா வந்து ஒட்டிக்கிட்டு இருக்காம். பழைய பில்டு ரெண்டையும் ஒண்ணா பாவிச்சுது, புதுசு பாவிக்கல. "பெயரை எல்லா இடத்துலயும் மாத்து"ன்னு குடுத்து ஒரு இடம் விட்டுப் போச்சுன்னு வைங்க, அது கோர்ட் பேப்பர், யார் பதில் சொல்றது?

எனக்கு வேணாம்னு சொல்லல. குடுங்க, ஆனா என்ன மாத்துனீங்கன்னு எனக்கு புரியற மாதிரி எழுதிக் குடுங்க. "ரெண்டரிங் இன்ஜின் மாற்றம்"னா எனக்கு ஒண்ணும் விளங்காது. "தமிழ் அடிச்சு, அழிச்சு, தேடிப் பாருங்க"ன்னு சொன்னா உக்காந்து பாத்து சொல்லிடுவேன்.

கம்மியா_பேசுவேன்:

ஒரே விஷயம். க்ராஷ் ஆனா டம்ப் (அந்த நேரத்து மெமரியோட நகல்) தானா உங்க சர்வருக்கு போகுதா? டம்ப்ல மெமரி இருக்கும், மெமரில திறந்து வெச்சிருந்த டெக்ஸ்ட் இருக்கும். அக்காவோட கோர்ட் பேப்பரும் அதுல வரும், என் கம்பெனி கோடும் வரும். கோடுல எங்க விழுந்துச்சுன்னு காட்டுற ஸ்டாக் ட்ரேஸ் மட்டும் அனுப்புங்க, அதையும் காட்டிட்டு கேட்டுட்டு அனுப்புங்க. ஆல்ஃபாவுக்கு காலாவதி தேதியும் போடுங்க, இல்லன்னா ரெண்டு வருஷம் கழிச்சு ஒருத்தன் இதே பில்டுல உக்காந்துட்டு திட்டுவான்.

சில்க்போர்ட்_சிக்னல்:

காலாவதி ஓகே, ஆனா தேதி வந்ததும் திறக்கவே மாட்டேன்னு நிக்கக் கூடாது. உள்ள சேவ் பண்ணாத டேப் கிடக்கும். நச்சரிக்கட்டும், பூட்டக் கூடாது.

மாடிவீட்டு_டெவ்:

மச்சானும் நானும் உக்காந்து பேசிட்டோம். இந்த மாசம் யாருக்கும் இல்ல, மொதல்ல சிம்லிங்க். அப்புறம் வாங்குனவங்கள்ல கேட்டு எழுதுனவங்க ஒரு முப்பது பேருக்கு மட்டும், தனி ஆப், ஐகான்ல மஞ்சள் கலர், 45 நாள்ல நச்சரிக்க ஆரம்பிக்கும். ஸ்டேபிள் வெர்ஷன்ல அந்த மாதிரி டிக் பாக்ஸே வைக்கல. க்ராஷ் டம்ப் ஆட்டோவா போயிட்டுத்தான் இருந்துச்சு, நிறுத்திட்டேன், அதை பழைய யூசர்ஸ்க்கும் மெயில்ல சொல்லிடறோம், திட்டு விழும், விழட்டும்.

அக்கா, அந்த ரெண்டு "கொடி" இருக்கற ஃபைலை, பேரு ஊரு எல்லாம் எடுத்துட்டு, ஒரு பத்து வரி மட்டும் அனுப்ப முடியுமா? டெஸ்ட்ல சேத்துக்கறேன்.

அல்சூர்_அக்கா:

அனுப்பிட்டேன்பா. "கொ" மட்டும் இல்ல, "கோ", "கௌ"வும் போட்டிருக்கேன், அதையும் பாத்துக்கோ. மச்சானை சிம்லிங்க்கை நல்லா பாக்க சொல்லு, அது என்னன்னு எனக்கு தெரியாது, ஆனா அந்த சில்க் போர்டு தம்பி ரொம்ப நொந்து போயிருக்கார்.